எதிர் ஷிப்ட்

கோகிலவாணி வீட்டு மேசைக்குச் சாயங்காலம் ஆறு மணியானால் ஒரு கிறுக்குப் பிடிக்கும்.

அலுவலகக் கணினியிலிருந்து சொந்தக் கணினிக்கு மாறுவதற்காக மேசை ஓரத்திலிருக்கும் சின்னப் பெட்டியின் பொத்தானை அமுக்குவாள். அமுக்கியதும் மேசை முனகிக்கொண்டே கீழே இறங்கும். கொஞ்சம் நின்று யோசிக்கும். அப்புறம் பெரிய மனசு பண்ணிப் பழைய உயரத்துக்கு வந்துசேரும். சில நாள் ஒரு விரல் அளவு இறங்கும், சில நாள் ஒரு சாண். காலையில் அலுவலகப் பக்கம் மாறும்போதும் இதே கூத்துதான். ஒருமுறை டம்ளர் நிறையக் காபி விசைப்பலகையில் கொட்டிப் பெரிய ரகளையாகிவிட்டது.

இப்படி ஏறி இறங்கும் மேசை அவள் ஆசைப்பட்டு வாங்கியதில்லை. எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்த பிறகு, ரெண்டு அறை வீட்டில் ரெண்டு மேசை போட இடமேது என்று ஊரே புலம்பியது. கடைசியில் அரசாங்கம் ஒற்றை மேசைச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. கம்பெனி ஒரு மேசை கொடுக்க வேண்டும். திரை, விசைப்பலகை, ஒலிவாங்கி, விளக்கு எல்லாம் ரெண்டு பக்கத்துக்கும் பொது. கணினி மட்டும் ரெண்டு. பகலில் கம்பெனியுடையது, மாலையில் சொந்தம். நடுவில் அந்தப் பெட்டி.

ரெண்டு கணினிக்குள்ளும் ஆளுக்கொரு துணை உண்டு. நாள் முழுக்கக் கூட இருந்து, வேலையை எடுத்துக் கொடுத்து, அடுக்கி வைக்கிற புத்திசாலித் துணை. அலுவலகத் துணைக்குக் கோகிலா 'ஆபீசர்' என்று பெயர் வைத்திருந்தாள், அது பேசும் தோரணை அப்படி. வீட்டுத் துணையின் பெயர் பொன்னி. ஆபீசருக்குப் பொன்னி என்று ஒருத்தி இருப்பதே தெரியாது. பொன்னிக்கும் அப்படித்தான். தெரியவும் கூடாது, ஏனென்றால் கம்பெனி ரகசியம் வீட்டுக்கும், வீட்டு ரகசியம் கம்பெனிக்கும் போய்விடக் கூடாதே! அப்படிக் கசிகிற மாதிரி தெரிந்தால் ஊழியர் உடனே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மறைத்தால் வேலை போய்விடும். சொன்னால், ரெண்டு துணைகளையும் ஒரேயடியாக அழித்துவிட்டு, ஒன்றும் தெரியாத புதுசு ரெண்டை அந்த இடத்தில் வைப்பார்கள்.

சட்டம் எழுதியவர்கள் எமகாதகர்கள். ஒரு ஓட்டை விடாமல் அடைத்தார்கள். மனுஷரின் முதுகுவலிக்கு மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டினார்கள். மேசையை ஏற்றி இறக்கும் உரிமையை மட்டும் ரெண்டு துணைகளுக்கும் கொடுத்துவிட்டார்கள்.

கோகிலாவின் வேலை பேசுவது. தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்கும் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவு. முதலில் இயந்திரக் குரல்தான் பேசும். அதனிடம் பேசிப் பேசி வெறுத்துப்போய், 'டேய், மனுசன் யாராச்சும் இருக்கீங்களாடா?' என்று கத்துகிறவர்களைத்தான் பெரும்பாலும் கோகிலாவிடம் அனுப்புவார்கள். ஆகவே அவளிடம் வந்துசேருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏற்கெனவே கொதித்துப்போயிருப்பார்கள். அவள் நிதானமாக, "சொல்லுங்க, நான் கேட்டுட்டுத்தான் இருக்கேன்" என்று தொடங்குவாள். பாதிப் பேர் அதிலேயே அடங்கிவிடுவார்கள். யாருடைய அழைப்பை அடுத்து எடுத்துக் கொடுப்பது என்பது ஆபீசர் பொறுப்பு.

மாலையில் அவள் செய்வதும் பேசுவதுதான். ஆனால் அது பிடித்துப்போய்ச் செய்வது. உடுமலைப்பேட்டையில் ஃபஹிமா என்று ஒரு பெண். கண் பார்வை இல்லை. சட்டம் படித்துவிட்டு நீதிபதித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். கோகிலா சட்டப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து அவளுக்கு அனுப்புவாள். நடிகர் குரலிலிருந்து நாரதர் குரல் வரைக்கும் இயந்திரமே வாசித்துக் கொடுக்கும் காலத்தில் இது எதற்கு என்று கோகிலா ஆரம்பத்தில் கேட்டாள்.

"மெஷின் எல்லாத்தையும் ஒரே மாதிரி வாசிக்குதுக்கா" என்றாள் ஃபஹிமா. "நீங்க ஒரு இடத்துல தெணறுறீங்க பாருங்க, அப்பத்தான் எனக்கு, ஓ, இது கஷ்டமான பிரிவு, நல்லாப் படிக்கணும்னு தெரியுது. தப்பு வந்தா வெட்டாதீங்க. ஆரம்பத்துல வர்ற சத்தத்தைக்கூட வெட்ட வேண்டாம். அப்படியே அனுப்புங்க."

தனக்கு வேலை மிச்சமாகட்டும் என்றுதான் அந்தப் பிள்ளை சொல்கிறது என்று கோகிலா நினைத்துக்கொண்டாள். பொத்தானை அமுக்கினால் ஒலிவாங்கியும் திறந்துகொள்ளும். தும்மலும் இருமலும் மேசை முனகலுமாகவே பதிவுகள் உடுமலைக்குப் போயின.

ஆக, தொண்டை ஒன்று, அதற்கு வேலை ரெண்டு. இது இத்தனை நாள் எப்படியோ ஓடியது. எப்படி ஓடுகிறது என்று கோகிலா யோசித்ததில்லை. நன்றாக ஓடுகிற எதையும் நாம் யோசிப்பதில்லையே.

*

காபி கொட்டிய மறுநாள் அவள் கணவன் சென்னியப்பன் களத்தில் இறங்கினான். டவுன் பஸ் டிரைவர். காந்திபுரத்துக்கும் வடவள்ளிக்கும் நடுவே மின்சார பஸ் ஓட்டுகிறவன். திருகு இருக்கும் எந்தப் பொருளும் தன் சொத்து என்கிற எண்ணம் அவனுக்கு உண்டு. மிக்சியைச் சரிசெய்கிறேன் என்று பிரித்து, மூன்று மாதம் வீட்டில் சட்டினியே இல்லாமல் செய்த மகராசன்.

"மோட்டார்ல கோளாறு, அம்மிணி" என்றான், மேசைக்கு அடியில் மல்லாக்கப் படுத்தபடி. "கிரீஸ் வெச்சாச் சரியாப் போயிரும்."

"கம்பெனி மேசைங்க அது. நோண்டாதீங்க."

"நோண்டறனா! நான் என்ன நேத்துப் பொறந்த பையனா?"

கிரீஸ் வைத்தான். மேசை முன்னைவிடச் சொகுசாக இறங்கியது. சென்னியப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. டிப்போவிலிருந்து ரெண்டு தடித்த போல்ட்டும் ஒரு மரக்கட்டையும் கொண்டுவந்து, மேசையின் ரெண்டு காலையும் இறுக்கி முடுக்கிவிட்டான். அன்று மாலை கோகிலா பொத்தானை அமுக்கினாள். மேசைக்குள் 'க்ர்க்' என்று ஒரு சத்தம் வந்தது. மேசை அசையவில்லை. மறுபடி ஒரு 'க்ர்க்'. அவ்வளவுதான்.

"பாத்தயா!" என்றான் சென்னியப்பன். டம்ளர் விளிம்பு வரை காபி ஊற்றி மேசை மேல் வைத்து அழகு பார்த்தான்.

மறுநாளிலிருந்து பிடித்தது சனியன். காலையில் உட்கார்ந்ததும் கொதித்துப்போனவர்களாகவே வந்தார்கள். வழக்கமாக ரெண்டு கோபக்காரர்களுக்கு நடுவில் ஒரு சாதுவான ஆள் வருவார். வடிகட்டி எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிட்டு நன்றி சொல்லிப் போவார். இப்போது அந்த சாதுக்களையெல்லாம் காணோம். ஒருத்தர் அவள் பரம்பரையை விசாரித்தார். இன்னொருத்தர் இயந்திரத்திலிருந்து வந்த தண்ணீரைக் குடித்துக் காட்டச் சொன்னார். ஆறு மணிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அந்தத் தொண்டையோடு வீட்டுப் பக்கம் வந்தால், பொன்னி எடுத்து நீட்டியது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் மகா சிக்கலான அத்தியாயம். ஒவ்வொரு வாக்கியமும் ஒரு பக்கத்துக்கு ஓடும்.

அந்த வாரத்தில் கோகிலாவின் குரல் கரகரத்து, கம்மி, கடைசியில் வெறும் காற்றாகிவிட்டது. டாக்டர் பேசவே கூடாது என்றார். கம்பெனியில் விடுப்பு கொடுக்க மூக்கால் அழுதார்கள். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது, இன்னும் எட்டு அத்தியாயம் பாக்கி. ஃபஹிமா மற்ற எல்லாவற்றையும் இந்தக் குரலில் கேட்டுத்தான் மனசில் ஏற்றியிருக்கிறாள். கடைசி நேரத்தில் வேறொருவர் குரலுக்கு எங்கே போவாள்? கோகிலாவுக்குச் சோறு இறங்கவில்லை.

இதில் ஒரு விசித்திரம். குரல் முழுசாகப் போவதற்கு முன்பே, மேசையை இறுக்கிய மறுநாளே, ஃபஹிமா தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டாள்.

"அக்கா, உங்களுக்கு ஒண்ணுமில்லயே? வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"நல்லாத்தான் இருக்கோம். ஏங்கண்ணு?"

"இல்லக்கா, சும்மாத்தான். பத்தரமா இருங்க."

சும்மா கூப்பிடுகிற பெண் இல்லை அவள். கோகிலா இதைக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மறந்துபோனாள்.

*

தொண்டை பாதி திரும்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோகிலா வீட்டுக் கணினியைத் திறந்து பொன்னியிடம் மெல்லிய குரலில் சண்டைக்குப் போனாள். சென்னியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தான்.

"பொன்னி, முன்னெல்லாம் நான் களைச்சு வந்தா லேசான பக்கமாத் தருவே. இப்ப ஏன் என் உசுர வாங்கறே?"

"முன்னெல்லாம் நீங்க எப்படி வர்றீங்கன்னு எனக்கு முன்கூட்டியே தெரியுமுங்க" என்றது பொன்னி. "இப்பத் தெரியறதில்ல. நீங்க வாயைத் தொறந்து வாசிச்ச பொறவுதான் தெரியுது. அதுக்குள்ள பாதிப் பக்கம் போயிருது."

"முன்கூட்டி எப்படித் தெரிஞ்சுது?"

"மேசை சொல்லுமுங்க."

சென்னியப்பனின் கையிலிருந்த பூண்டு கீழே விழுந்தது.

"என்ன அலும்பு இது?" என்றாள் கோகிலா. "மேசை எப்படிச் சொல்லும்?"

"ஒரு நாள் நீங்க இந்தப் பக்கம் வந்தப்ப மேசை ஒரு விரல் எறங்கி நின்னுச்சுங்க. அன்னைக்கு உங்க குரல் கொஞ்சம் கம்மி. இன்னொரு நாள் ஒரு சாண் எறங்கியிருந்துச்சு. அன்னைக்குக் குரலே இல்ல. அப்பறமும் அப்படித்தான், தப்பாம இருந்துச்சு. சரி, யாரோ எனக்காக வேணும்னே இப்படி வெச்சுட்டுப் போறாங்கன்னு புரிஞ்சுக்கிட்டேன். பதிலுக்கு நானும் செஞ்சேனுங்க. ராத்திரி நீங்க எவ்வளவு வாசிச்சீங்க, தொண்டை எப்படின்னு, காலைல நீங்க மாறும்போது அந்த அளவுக்கு மேசையை எறக்கி வெச்சுட்டுப் போவேன்."

"யாருக்கு?"

"அது யாருன்னு எனக்குத் தெரியாதுங்க. எனக்கு முன்னாடி இந்த மேசைல இருக்கறவங்களுக்கு."

"இத்தனை நாளாச் சொல்லவே இல்லயே!"

"நீங்க கேக்கலீங்களே."

கோகிலா கணக்குப் போட்டுப் பார்த்தாள். காலையில் மேசை இறங்கி ஏறிய நாட்களில் சாதுவான ஆட்கள் வந்தது சும்மா வந்ததில்லை! பொன்னி சொல்ல, ஆபீசர் கேட்டுக்கொண்டிருக்கிறார். எதையும் விட்டுக்கொடுக்காத தோரணையில் பேசும் அந்த ஆபீசர், தினமும் தனக்காக ஆள் பார்த்துப் பொறுக்கி அனுப்பியிருக்கிறார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

சென்னியப்பன் மெதுவாகக் கேட்டான். "அம்மிணி, இது நம்ம ராயப்பன் சமாச்சாரம்தான?"

ராயப்பன் அவனுடைய எதிர் ஷிப்ட் டிரைவர். அதே பஸ்ஸை இன்னொரு ஷிப்டில் ஓட்டுகிறவன். டிப்போ வாசலில் ஒருத்தன் வெளியேறும்போது மற்றவன் உள்ளே போவான். நாலு வருஷமாக ஒரே பஸ், ஆனால் உட்கார்ந்து பேசியதில்லை.

"பிரேக் ஒரு பக்கமா இழுத்தா ஸ்டியரிங்ல ஒரு ரப்பர் பேண்ட் மாட்டிட்டுப் போவான்" என்றான் சென்னியப்பன். "ரெண்டு மாட்டியிருந்தா டிப்போ மேனேஜர் கடுகடுன்னு இருக்காருன்னு அர்த்தம். நானும் அவனுக்கு மாட்டிட்டு வருவேன். இப்படின்னு ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கல. அதுவாப் பழக்கமாயிருச்சு. அவன் சம்சாரம் பேருகூட எனக்குத் தெரியாது. ஆனா அவன் இல்லாம என்னால அந்த வண்டிய ஓட்ட முடியாது." நிறுத்தினான். முகம் சுருங்கிப்போனது. "என்ற புத்திசாலித்தனத்துல ரெண்டு பேரு வாயக் கட்டிப்போட்டுட்டனே!"

"கழட்டுங்க மொதல்ல" என்றாள் கோகிலா.

அவன் ஸ்பானரை எடுக்கப் போகும்போதே அவளுக்கு அடுத்த விஷயம் உறைத்தது. சட்டப்படி இது கசிவா? துணைக்குத் துணை சேதி போகிறது. பார்த்தால் கசிவுதான். சொல்லாமல் மறைத்தால் வேலை காலி. சொன்னால் பொன்னியும் ஆபீசரும் காலி. புதுசாக வரும் பொன்னிக்குத் தன் தொண்டையும் தெரியாது, ஃபஹிமாவின் பாடமும் தெரியாது. எட்டு அத்தியாயம் அம்போ.

"ஏனுங்க" என்றாள். "ஒருத்தி களைச்சிருக்கான்னு சொல்றது ரகசியமாங்க?"

மேசைக்கு அடியிலிருந்து பதில் வந்தது. "உன்ற மூஞ்சியப் பாத்தா தெருவுக்கே தெரியும். இதுல என்ன ரகசியம்?"

அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை விடுப்பு முடிந்து உட்கார்ந்தாள். பொத்தானை அமுக்கினாள். மேசை ஒரு சாண் இறங்கியது. பொன்னியின் கைங்கரியம். சற்று நின்றது. பிறகு ஆபீசர் முறை. மேலே வந்தது, வந்து நிற்காமல் உச்சிவரை போனது. திரும்ப அடிவரை இறங்கியது. மறுபடி உச்சி, மறுபடி அடி. மேலிருந்த பேனா, எலுமிச்சை ஊறுகாய் பாட்டில், சென்னியப்பனின் கண்ணாடி எல்லாம் உருண்டோடின. அன்று மாலை வீட்டுப் பக்கம் வந்தபோதும் அதே ஆட்டம்.

"இதுக்கு என்ன அர்த்தம், பொன்னி?"

"எனக்கும் தெரியலீங்க. காலைல அப்படி ஆடுனது மோட்டாரோட கணக்குல பதிஞ்சிருந்துச்சு. எனக்கும் செய்யணும்னு தோணுச்சு. செஞ்சேன்."

கோகிலா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே ஊறுகாய் பாட்டிலைத் தேடி எடுத்தாள்.

*

ஆறு அத்தியாயம் முடிந்திருந்தபோது ஜெயசீலன் அழைத்தார். கம்பெனியின் கண்காணிப்புப் பிரிவு. சென்னைக்காரர். மடிப்புக் கலையாத சட்டை, மடிப்புக் கலையாத முகம். திரையில் அந்த முகத்தைப் பார்த்ததுமே கோகிலா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சென்னியப்பன் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, மோட்டார் ரிப்பேர் என்று சொல், மோட்டார் ரிப்பேர் என்று சொல் என்று கையைச் சுழற்றிக் காட்டினான்.

"மேடம், ஒரு சின்ன சந்தேகம்" என்றார் ஜெயசீலன். "உங்க டேபிள் கொஞ்ச நாள் அசையாம இருந்திருக்கு. அந்த நாள்ல உங்க கஸ்டமர்ஸ் எல்லாம் அதிருப்தி. டேபிள் மறுபடி அசைய ஆரம்பிச்சதும் எல்லாரும் திருப்தி. டேபிளுக்கும் உங்க வேலைக்கும் என்ன சம்பந்தம்?"

"மோட்டார்... மோட்டார் ரிப்பேருங்க, சார்."

கதவுக்குப் பின்னால் சென்னியப்பன் கட்டைவிரலை உயர்த்தினான்.

"அவ்வளவுதானே? அப்ப ஒண்ணும் பிரச்சினையில்ல" என்றார். "நாளைக்கே ஆளனுப்பறேன். மோட்டாரே இல்லாத டேபிள் ஒண்ணு போட்டுடலாம். அசையவே அசையாது."

கோகிலாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நல்லது செய்கிறேன் என்று இந்த மனுஷனும் போல்ட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறாரே! கதவுப் பக்கம் பார்த்தாள். சென்னியப்பன் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றான். இனிமேல் பொய்யால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

"சார், பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுக்குங்க" என்றாள். சொல்ல ஆரம்பித்ததும் பயம் போய்விட்டது. ஒரு விரல், ஒரு சாண், சாதுவான ஆட்கள், லேசான பக்கங்கள், போல்ட்டு, மரக்கட்டை, ஃபஹிமா எல்லாவற்றையும் சொன்னாள். "உங்க கம்பெனி சமாச்சாரம் ஒரு எழுத்து இந்தப் பக்கம் வரல, சார். என் வீட்டுச் சமாச்சாரமும் அந்தப் பக்கம் போகல. இவ களைச்சிருக்கா, பாத்து நடத்துங்கன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டாங்க. அவ்வளவுதானுங்க. இன்னும் ரெண்டு அத்தியாயம் பாக்கி இருக்கு. அதுவரைக்குமாவது இதுகளை விட்டுவைங்க. பொறவு என்னை என்ன வேணா பண்ணிக்குங்க."

"நீங்க சொல்றது நியாயமாவே இருந்தாலும்," என்று தொடங்கினார் ஜெயசீலன், "ரெண்டு துணை தங்களுக்குள்ள ஒரு பாஷை உண்டாக்கியிருக்கு. இன்னைக்குக் களைப்பைப் பத்திப் பேசுதுங்க. நாளைக்கு வேற என்ன பேசும்? யார் பொறுப்பு? நான் இதை அழிக்கச் சொல்லித்தான் ஆகணும்." குரலில் கடுமை இல்லை.

அந்த நேரம் பார்த்து அவர் பக்கத்தில் எங்கோ மணி அடித்தது.

"ஒரு நிமிஷம் மேடம், என் பொண்ணு. வீட்டுக் கணினியில கூப்பிடறா."

பொத்தானை அமுக்கும் சத்தம் கேட்டது. திரை இருண்டது. கோகிலா முந்தானையைக் கசக்கியபடி காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் படம் திரும்ப வந்தது. அவர் நாற்காலியில் சரியாக உட்கார்ந்துகொண்டு, "ம், எங்க விட்டோம்?" என்றார்.

அப்போது அவர் முகம் திரையில் மேலே நகர ஆரம்பித்தது. முதலில் நெற்றி போயிற்று. பிறகு கண்கள் போயின. கடைசியில் மீசையும் தாடையும் சட்டைப் பொத்தானும் மட்டும் தெரிந்தன. கூடவே ஒரு முனகல் சத்தம். அது கோகிலாவுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். அவர் மேசை இறங்கிக்கொண்டிருந்தது. அதோடு சேர்ந்து கேமராவும் இறங்கிக்கொண்டிருந்தது.

நின்றது. யோசித்தது. பிறகு மெதுவாக மேலே வந்தது. முகம் பழைய இடத்துக்கு வந்துசேர்ந்தது.

"சாரி. இது எப்பவுமே இப்படித்தான்" என்றார் ஜெயசீலன் சாதாரணமாக. "மோட்டார் ரிப்பேர்..."

பாதியில் நிறுத்திவிட்டார். கதவுக்குப் பின்னால் சென்னியப்பன் ரெண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான்.

ஜெயசீலன் தன் மேசையைத் தடவிப் பார்த்தார். குனிந்து அதன் காலைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் மடிப்பு கலைந்திருந்தது.

"எவ்வளவு இறங்கிச்சு, பாத்தீங்களா மேடம்?"

"ஒரு சாண் இருக்குமுங்க, சார்."

"ஒரு சாண்னா என்னன்னு சொன்னீங்க?"

"நெம்பக் களைச்சுப்போயிருக்கீங்கன்னு அர்த்தமுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "போன வாரம் என் பொண்ணு சொன்னா, மேடம். 'அப்பா, முன்னெல்லாம் ஆபீஸ் முடிஞ்சதும் என்கிட்ட எரிஞ்சு விழுவீங்க. இப்பல்லாம் வந்ததும் என் படங்களைத்தான் முதல்ல பாக்கறீங்க'ன்னு. அவ வரைஞ்ச படங்களை எனக்கு முதல்ல எடுத்து வைக்கறது யாருன்னு நான் யோசிக்கவே இல்ல. நான் திருந்திட்டேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"நீங்களும்தானுங்க திருந்தியிருக்கீங்க, சார். படத்தை எடுத்து வெச்சா மட்டும் போதுமா? பாக்கறது நீங்கதான."

அவர் சிரித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய தோரணைக்கு வர முயன்றார், முழுசாக முடியவில்லை. "அந்த டேபிள் மாடல்ல மோட்டார் கொஞ்சம் ஏறி இறங்கும். அது அதோட இயல்பு, யாரும் ரிப்பேர் பண்ண வேண்டாம்னு எல்லாருக்கும் சொல்லிடறேன். போல்ட் கீல்ட் எதுவும் போட வேண்டாம்னு உங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லுங்க."

"சரிங்க, சார்!" என்று கதவுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

ஜெயசீலன் திடுக்கிட்டு, பிறகு கும்பிட்டுவிட்டு அழைப்பை முடித்தார். அன்று பாக்கி நாளுக்கு அவர் விடுப்பு எடுத்துக்கொண்டார் என்று கோகிலாவுக்குப் பிற்பாடு தெரியவந்தது.

*

எழுத்துத் தேர்வில் தேறிவிட்ட ஃபஹிமா, அண்ணனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒரு நாள் சாயங்காலம் வடவள்ளிக்கு வந்தாள். கையில் இனிப்புப் பெட்டி. நேர்முகத் தேர்வு மட்டும்தான் பாக்கி. குரலை மட்டுமே அறிந்த ரெண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. சென்னியப்பன் எல்லாருக்கும் காபி போட்டான்.

"இருங்கண்ணு, ஆபீஸ மூடிட்டு வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கோகிலா மேசையில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினாள். மேசை முனகிக்கொண்டு இறங்கி, நின்று, ஏறியது.

ஃபஹிமா சட்டென்று தலையைத் திருப்பினாள். முகம் மலர்ந்துவிட்டது.

"இதா அக்கா அது! மேசையா?"

"எது கண்ணு?"

"ஒவ்வொரு பதிவுலயும் ஆரம்பத்துல இந்தச் சத்தம் வருமே. என்ன சத்தம்னு தெரியாது. ஆனா நீளமா வந்தா நீங்க அன்னைக்குக் களைச்சுப்போயிருப்பீங்க, குட்டியா வந்தா நல்லா இருப்பீங்க. அது எனக்கு எப்பவோ தெரிஞ்சு போச்சு. நீளமா வந்த அன்னைக்கு உங்களுக்கு ஃபோன் பண்ணவே மாட்டேன். சந்தேகம் இருந்தாலும் மறுநாள் கேட்டுக்குவேன். ஒரு நாள் சத்தமே இல்லாம 'க்ர்க்'னு மட்டும் வந்துச்சு. நான் பயந்தே போயிட்டேன்."

ஆரம்பச் சத்தத்தை வெட்ட வேண்டாம் என்று அந்தப் பிள்ளை சொன்னது தன் வேலையை மிச்சம் பிடிக்க என்றல்லவா கோகிலா இத்தனை நாள் நினைத்திருந்தாள்! சென்னியப்பன் காபி டம்ளர்களோடு அப்படியே நின்றுவிட்டான்.

"இன்னைக்கு எவ்வளவு வந்துச்சு?" என்று அவன்தான் கேட்டான்.

ஃபஹிமா ஒரு விரலை நீட்டிக் காட்டினாள். "குட்டியூண்டு, அண்ணா. இன்னைக்கு அக்கா நல்லா இருக்காங்க."